சீல் வைத்த லென்ஸுக்குள் சந்தனம்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்களோடு சண்டைக்கு நின்றுவிடுவேன், வேண்டுமானால் என் வீட்டுக்காரி லட்சுமியைக் கேட்டுப் பாருங்கள். பேய், பிசாசு, குறளி, மாந்திரீகம் எதிலும் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. சொல்லப்போனால் இன்றைக்கும் இல்லை. நம்பிக்கை இல்லாதவனுக்கு இப்படி நடந்ததுதான் என் ஆத்திரமே. நம்புகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், ராத்திரி பகலாகக் காத்துக் கிடக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம் அல்லவா?

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அதில் ஓய்வு பெற்று, இப்போது டெல்லியில் ஒரு தனியார் கம்பெனியில் விமானப் பராமரிப்பு எஞ்சினியர். வீடு துவாரகாவில். என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். விமானத்தில் ஒரு மூடியைத் திறந்து வேலை பார்த்துவிட்டு மூடினால், ஸ்க்ரூவை முறுக்கி முடித்த கையோடு அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு இழுப்போம். அதுதான் சீல். அந்த ஸ்க்ரூ மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். கோடு முழுசாக இருந்தால் அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன், என் கையெழுத்தை நம்பித்தான் அத்தனை ஜனமும் உள்ளே ஏறி, கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. நான் மூடியதற்குள்ளே எனக்குத் தெரியாமல் எதுவும் போக முடியாது. என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான்.

இனி லென்ஸுக்கு வருகிறேன். லட்சுமியின் தம்பி சுடலைமணி முனிர்காவில் ஒரு அறையில் தங்கி ஏதேதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பிட வந்துவிடுவான். பழைய கேமரா, ரேடியோ, கடிகாரம் என்று கெட்டுப்போனது எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய எதையோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"அத்தான், எங்க ரூமுக்குக் கீழ ஒரு கபாடிக் கடை இருக்குல்லா, அங்க பழைய இரும்போட இரும்பாக் கெடந்துச்சு. ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு."

பழைய இரும்பைப் பார்த்ததும் என் ஞாபகம் வந்ததாம், பரவாயில்லை. பிரித்துப் பார்த்தால் ஜப்பானில் செய்த பழைய ஜூம் லென்ஸ். ஒரே வளையம்தான், முன்னும் பின்னும் இழுத்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், அதே வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் ஆகும். ஆட்டோ கீட்டோ எதுவும் கிடையாது, எல்லாம் கையால்தான். கனம் நல்ல கனம், இரும்பும் பித்தளையும் கண்ணாடியும். இழுத்தால் நகர்ந்தது, திருப்பத்தான் முடியவில்லை. பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. ரப்பர் பிடியின் ஓரத்தில் மஞ்சளாக எதுவோ காய்ந்து ஒட்டியிருக்க, சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். அதன் நடுவே சிவப்பாகக் குங்குமம்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஏன் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இதே சண்டைதான். லட்சுமி அன்றைக்கு ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கிளம்பினாள் என்றால் மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், மகளின் லேப்டாப், எதுவும் தப்பாது. என் டூல் பாக்ஸைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். ஸ்க்ரூடிரைவரின் நுனியில் சந்தனம் காய்ந்தால் அது ஸ்க்ரூவின் பள்ளத்தில் சரியாக உட்காருமா? மரைக்குள் சந்தனம் இறங்கினால் மண் இறங்கிய மாதிரிதானே? சாமிக்குப் போட வேண்டியதைச் சாமானுக்குப் போட்டு அதன் உயிரை எடுக்கிறார்கள் என்று கத்துவேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். ஆக யாரோ ஒரு தமிழ்க் குடும்பம், டெல்லியில் எங்கேயோ, வருடா வருடம் இந்த லென்ஸுக்குப் பொட்டு வைத்துப் பொட்டு வைத்து இதை இறுக வைத்துவிட்டுக் கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"இங்கத்த ஆளுங்களும் விஸ்வகர்மா பூஜைக்கு வைப்பாங்கல்லா, நம்மாளுங்கதான்னு எப்படிச் சொல்லுதிய?" என்று லட்சுமி உள்ளிருந்து கேட்டாள்.

அவர்கள் வைப்பது வேறு, சிவப்பில் ஸ்வஸ்திக் போடுவார்கள், கயிறு கட்டுவார்கள். வட்டமாகச் சந்தனம் அப்பி, நடுவில் விரல் நுனியால் குங்குமம் வைப்பது நம்முடைய வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையிலேயே டேப்பில் ஒட்டி வைத்தேன். ஜப்பான் ஸ்க்ரூ பார்க்கத்தான் சாதாரண பிளஸ் மாதிரி இருக்கும், கடையில் கிடைக்கும் டிரைவரைப் போட்டால் தலை சிதைந்துவிடும், அதற்கென்று தனி டிரைவர் வைத்திருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த லென்ஸில் ஒரு ஸ்க்ரூவின் தலையில்கூடக் கீறல் இல்லை. கம்பெனியில் வைத்த அரக்கு அப்படியே இருந்தது. அதாவது ஜப்பானில் மூடியதற்குப் பிறகு இதை ஒரு மனிதப் பிறவியும் திறக்கவில்லை. இதில் நான் ஏமாற மாட்டேன், என் பிழைப்பே இதுதான்.

ரப்பரை உரித்து, முன் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். அதன் மையத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். பூஞ்சை என்றுதான் நினைத்தேன், பழைய லென்ஸ் என்றால் பூஞ்சை இல்லாமல் இருக்காது. ஆனால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி படரும். இது வட்டமாக இருந்தது, காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

வெளியே வைத்தது உள்ளே கசிந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், சுடலைமணியும் அதைத்தான் சொன்னான். கசிகிற பொருள் வட்டமாகவா கசியும், நடுவில் குங்குமத்தையும் சரியாக வைத்துக்கொண்டா கசியும்? அன்றைக்கு நான் அதை மேலே யோசிக்கவில்லை, அதுதான் உண்மை. சந்தனத்தைப் பார்த்த எரிச்சலில் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்துத் துடைத்து எறிந்தேன். மரையில் இருந்த பழைய கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, புது கிரீஸ் மெல்லிசாகத் தடவி, மரை பிரிந்த இடத்தில் பென்சிலால் போட்டுவைத்த அடையாளத்தைப் பார்த்துத் திரும்பச் சேர்த்தேன். சுற்றிப் பார்த்தேன், எண்ணெய் போட்ட கதவு மாதிரி சுற்றியது. எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கி, பழக்க தோஷம், ஆரஞ்சு பெயின்டால் சீல் கோடும் இழுத்துவிட்டேன்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெகுதூரத்தில் ஒரு பொருள் வேண்டும். டெல்லியில் குளிர்காலத்தில் வெகுதூரம் என்று ஒன்று கிடையாது, புகையும் பனியும் சேர்ந்து எதிர் பிளாக்கையே விழுங்கியிருக்கும். வெயில் வரட்டும் என்று லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் வளையம் அசையவில்லை. பழையபடி பாறை.

கிரீஸ் கெட்டி என்று நினைத்துத் திறந்தேன். திறந்ததும் வளையம் சுற்றுகிறது. உள்ளே ஒரு குறை இல்லை, பளிச்சென்று சுத்தம். மூடிச் சீல் போட்டுச் சற்று நேரம் விட்டால் இறுகிவிடுகிறது. திறந்தால் சுற்றும், மூடினால் இறுகும். அந்த வாரம் முழுக்க, டியூட்டி முடிந்து வந்த நேரமெல்லாம் இதே கூத்து. கிரீஸை மாற்றினேன், கிரீஸே இல்லாமல் போட்டுப் பார்த்தேன், ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்தேன், என்ன செய்தாலும் அதேதான். விமானத்தின் சக்கரத்தையே கழற்றி மாட்டுகிறவன் நான், ஒரு முழங்கை நீள லென்ஸ் என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறது என்றால் எப்படி இருக்கும் சொல்லுங்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி சுடலைமணி போன் போட்டுப் போட்டுக் கேட்டான், "என்ன அத்தான், இன்னும் ஒங்க லென்ஸ் விமானம் கெளம்பலையா?"

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் மூடிச் சீல் போட்டு, வழக்கம்போல இறுகியதும், சனியன் கிடக்கட்டும் என்று மேஜையிலேயே போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்து கை போக்கில் எடுத்துத் திருப்பினால் சுற்றுகிறது! வழுக்கிக்கொண்டு, ஒரு விரலால் தொட்டாலே சுற்றுகிறது. சீல் கோடுகளைப் பார்த்தேன், எல்லாம் முழுசாக இருந்தன. எனக்கு ஒரே குஷி, லட்சுமியையும் மகள் நந்தினியையும் கூப்பிட்டேன். நந்தினி வாங்கிக் கண்ணில் வைத்தவள், "அப்பா, இதுல கண்ணாடில ஏதோ பீலா பீலா இருக்கு" என்றாள்.

மஞ்சளாக இருக்கிறது என்கிறாள். வாங்கிப் பார்த்தேன். நடுக் கண்ணாடியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சீலை உடைத்துத் திறந்தேன். ஈரமாக இருந்தது. அப்போதுதான் குழைத்து வைத்த மாதிரி ஈரம், வாசனை வேறு கும்மென்று வந்தது.

நான் என்ன செய்வேன்? வீட்டில் இருந்தது இரண்டே பேர், ஒருத்திக்குச் சந்தனம் வைக்கிற பைத்தியம் உண்டு. கத்திவிட்டேன்.

"என்ன பேசுதிய நீங்க? ஒங்க லென்ஸத் தொட எனக்கு வேற சோலி இல்லையாக்கும்? ஸ்க்ரூவக் கழத்தி, உள்ள பொட்டு வச்சு, திரும்ப முறுக்கி, கலர்க் கோடும் போட்டு வச்சேனா நானு? அவ்வளவு வேல தெரிஞ்சா நான் ஏன் ஒங்களுக்குச் சோறு பொங்கிக்கிட்டு இருக்கேன், ஏர்போர்ட்டுக்குப் போயிருக்க மாட்டேன்?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் கோபத்தில் இருக்கிறவனிடம் நியாயம் பேசினால் கோபம் கூடத்தான் செய்யும். நந்தினியைப் பிடித்தேன். "நான் ஏன்ப்பா பண்ணப் போறேன், எனக்கு அந்த டைப் ஸ்க்ரூடிரைவரே எதுன்னு பத்தா நஹி, தெரியவே தெரியாது" என்று அவளும் அழுதாள். லட்சுமி பூஜை அலமாரியைத் திறந்து சந்தனப் பொடி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். ஆயுத பூஜையோடு தீர்ந்துபோய் வெறும் டப்பாவாக இருந்தது. "இதுல இருந்து எடுத்து வச்சேன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. என் சீலை யாரோ எனக்குத் தெரியாமல் உடைக்காமல் உடைத்திருக்கிறார்கள், பெண்டாட்டி பிள்ளையும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள், இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் ஞாயிறு. எனக்கு விடை தெரிந்தே ஆகவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்த சுடலைமணியையும் சேர்த்து எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தேன். அவர்கள் கண் முன்னாலேயே சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். ஒவ்வொருவரும் உள்ளே பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும் என்றேன், சொன்னார்கள். மூடினேன், முறுக்கினேன், கோடு இழுத்தேன். சற்று நேரத்தில் இறுகியது, சுடலைமணியே திருப்பிப் பார்த்து முடியவில்லை என்று ஒப்புக்கொண்டான். பிறகு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து லென்ஸை மூடிவைத்தேன். நந்தினி போனை நிறுத்திவைத்து வீடியோ ஓடவிட்டாள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பட்டப் பகல். ஜன்னலில் அழுக்கு வெயில் அடிக்கிறது, கீழே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போகிறான், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. நாங்கள் நாலு பேரும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். முதலில் சுடலைமணி கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான், பிறகு அவனும் கிண்ணத்தின் பக்கம் குனிந்து பார்த்தான். லட்சுமி மடியில் பச்சைப் பட்டாணியைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். எதுவும் நடக்கவில்லை. லென்ஸ் அசையவில்லை, சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, சினிமாவில் வருகிற எதுவும் இல்லை. போதும் என்று நானே எழுந்து கிண்ணத்தைத் தூக்கினேன்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கிண்ணத்தைத் தூக்கியதும் குப்பென்று சந்தன வாசனை முகத்தில் அடித்தது. எனக்கு மட்டும் இல்லை, சுடலைமணி மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். நான் லென்ஸை எடுத்தேன், வளையம் தானாகக் கையில் சுற்றியது. சீல் கோடு ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மயிரிழைகூட உடையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுக் கண்ணாடியில் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு.

ஆனால் கேளுங்கள், அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அநியாயம். கண்ணால் பார்த்தவன், மூக்கால் மோந்தவன், சுடலைமணி என்ன சொன்னான் தெரியுமா?

"ஒங்க கிரீஸ்தான் அத்தான் உருகி உள்ள எறங்கியிருக்கும். மஞ்ச கலர் கிரீஸுல்லா?"

வெள்ளை கிரீஸ் என்று டப்பாவைக் காட்டினேன். அப்படியானால் பெயின்ட் என்றான். பெயின்ட் ஆரஞ்சு என்றேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். டெல்லியில் எந்த நேரம் வேண்டுமானாலும் மெட்ரோ கிடைக்கும், அவனுக்கு மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். நந்தினியின் வீடியோவில் நாலு பேர் ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் இருக்கிறது. காலேஜ் சிநேகிதிகளுக்குக் காட்டினாளாம், உங்கள் வீட்டில் டி.வி. இல்லையா என்று கேட்டார்களாம்.

லட்சுமி மட்டும் என்னைப் பார்த்து, "பொட்டு வச்சா ஓடுது, அழிச்சா நிக்குது. அதுக்கு அது வேணும்போல. இருந்துட்டுப் போவட்டுமே, ஒங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள்.

எனக்கு என்ன நஷ்டமா? மரையில் கிரீஸ் ஓடினால் வளையம் சுற்றும், சந்தனம் ஓடினால் சுற்றாது. இது இயற்கை. அதைத் தலைகீழாக்கிவிட்டு எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறாள். நான் பூட்டிய வீட்டுக்குள் பூட்டு உடையாமல் ஒருத்தர் வந்து பொட்டு வைத்துவிட்டுப் போகிறார், எனக்கு என்ன நஷ்டம் என்கிறாள். யார் அது? முன்பு இந்த லென்ஸை வைத்திருந்த குடும்பத்துப் பொம்பளையா, அவள் உயிரோடு இருக்கிறாளா, செத்துவிட்டாளா? சுடலைமணியை விரட்டி அந்தக் கபாடிக்காரனிடம் கேட்கச் சொன்னேன். அவனுக்கு மூட்டையில் வந்ததாம், எந்த மூட்டை என்று அவனுக்கே தெரியாதாம். அதோடு அந்தப் பக்கம் கதவு சாத்திக்கொண்டது.

கடைசியில் நான் தோற்றேன். துடைக்காமல் விட்டுவிட்டேன். நந்தினி கேமராவில் மாட்டி எடுக்கிறாள், படம் பிரமாதமாக வருகிறது. உள்ளே இருக்கும் அழுக்கு படத்தில் புள்ளியாக விழாது, படம் கொஞ்சம் வெளுக்கும், அது எனக்குத் தெரியும். வெளுக்கக்கூட இல்லை. அவ்வளவு தெளிவான லென்ஸ் என் கைக்கு இதுவரை வந்ததில்லை, இதைச் சொல்லும்போதே எனக்கு எரிகிறது.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டேன். ஒரு லென்ஸ்தானே என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

மாசி மாதம், குளிர் குறைந்த பிறகு, ஒரு விமானம் பெரிய சோதனைக்கு எங்கள் ஹேங்கருக்கு வந்தது. அதன் போன சோதனையைச் செய்து முடித்தவனும் நான்தான். சக்கரம் உள்ளே மடங்கும் குழிக்குள் ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குப் பின்னால்தான் மடங்கிய சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் இணைப்பு இருக்கிறது. இறங்கும்போது அந்தக் கொக்கி விட்டால்தான் சக்கரம் வெளியே வரும். மூடியில் நான் இழுத்த சீல் கோடு அப்படியே இருந்தது, என் கோடு எனக்குத் தெரியும், கடைசியில் லேசாக மேலே வளைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என்னோடு வேலை பார்க்கும் குர்மீத் டார்ச் பிடித்தான். நான் கோட்டை உடைத்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, இணைப்பின் தலையில், வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். ஈரமாக இருந்தது.

"அரே அண்ணா, யே க்யா? பூஜா கர் தி க்யா?" என்று குர்மீத் சிரித்தான். நான் செய்த பூஜை என்று அவன் நினைத்துக்கொண்டான். கால்சட்டைப் பையிலிருந்து துணியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மூடிக்குள் ஒரு நூல் பிசிறு கிடந்தாலே நான் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்களைக் கிழித்துத் தொங்கப் போடுவேன், துடைப்பேன் என்றுதான் அவன் எதிர்பார்த்தான்.

நான் துணியோடு நின்றேன். கொக்கியை இயக்கிப் பார்த்தேன், கச்சிதமாக வேலை செய்தது. துடைத்துவிட்டு இயக்கிப் பார்த்தாலும் வேலை செய்யும், அதுவும் எனக்குத் தெரியும். திறந்திருக்கும்போது லென்ஸும் நன்றாகத்தான் சுற்றியது. மூடிச் சீல் போட்ட பிறகுதான் இறுகியது. மூடிச் சீல் போட்ட பிறகு இது மேலே போகும், உள்ளே குழந்தைகளும் கிழவர்களும் இருப்பார்கள், இறங்கும்போது கொக்கி விடவில்லை என்றால் நான் எங்கே போய்ச் சொல்வது? லென்ஸ் ஒன்று இருந்தது, அதில் சந்தனத்தைத் துடைத்தால் இறுகிவிடும் என்று எனக்கு முன்பே தெரியும் என்றா சொல்வேன்? துடைக்காமல் விட்டேன் என்று மேலதிகாரியிடம் சொன்னால் மட்டும் என்ன, லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் அனுப்புவார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை. எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு செய்யாதவனைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் தப்பாக இருக்கிற இடத்தில் நிறுத்தினால் அவன் என்னதான் செய்வான்?

துடைக்கவில்லை. மூடினேன், முறுக்கினேன், கோடு இழுத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

அந்த விமானம் இன்றைக்கும் பறக்கிறது. எங்கள் குடியிருப்புக்கு மேலேதான் விமானங்கள் இறங்க வரும். விடுமுறை நாளில் அது வரும் நேரத்துக்கு மொட்டை மாடியில் போய் நிற்கிறேன், சக்கரம் வெளியே வரும்வரை கண்ணை எடுக்க மாட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாக வந்துவிடுகிறது. எங்களிடம் வரும் விமானங்களில் ஒன்று பாக்கியில்லாமல் பைலட்டுகள் ஏதாவது புகார் சொல்வார்கள், இந்த ஒன்றில் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. குர்மீத் அதை நல்ல ஜாதகம் உள்ள விமானம் என்கிறான்.

இப்போது அதன் அடுத்த சோதனை வருகிறது, அந்த மூடியை நான் திரும்பத் திறக்க வேண்டும். சந்தனம் ஈரமாக இருந்தால் போன தடவை செய்ததையே செய்வேன். அது எனக்குத் தெரியும். லென்ஸ் முதலில் என் கைக்கு வந்தபோது அதன் சந்தனம் காய்ந்துதான் இருந்தது, வளையமும் இறுகித்தான் கிடந்தது. காய்ந்து உதிர்ந்துபோயிருந்தால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை, இந்த ஒரு யோசனை என்னைத் தூங்க விடவில்லை. போன வாரம் ஆர்.கே. புரத்தில் நம்மவர் கடைக்குப் போய்ச் சந்தனப் பொடியும் குங்குமமும் வாங்கி, யாருக்கும் தெரியாமல் டூல் பாக்ஸின் அடித் தட்டில் வைத்திருக்கிறேன். லட்சுமி வைக்கவில்லை, எந்த ஆவியும் வைக்கவில்லை. என் கையால், என் புத்தி தெளிவாக இருக்கும்போது, நானே வைத்தேன்.